கூச்சமில்லாத ஆங்கிலம்: திருத்திய பதிப்பு

போத்தனூர்,
7 மார்ச் 2004

என் அன்பான மௌரீன் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் டிரேவரும் குழந்தையும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி குறைந்ததா? லிங்கராஜபுரத்தில் இப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறதா?

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது படிப்பாய் என்று எழுத உட்கார்ந்தேன். லினெட்டுக்கு ஆகஸ்டில் மூன்று வயது முடிகிறது. மூக்கு அப்படியே உன்னுடையது.

அக்கா, ஒரு உதவி. நீ நோட்டுகளில் எழுதி வைத்திருந்த நாற்பது ஆங்கிலப் பாடங்களை டிரேவர் 'கூச்சமில்லாத ஆங்கிலம்' என்று சிடியாகப் போட்டு, இன்டர்நெட்டிலும் விற்றாரே, அது இப்போது பழசாகிவிட்டது. பேஜர், டிரங்க் கால், டைப்ரைட்டர் என்று வருவதைப் பார்த்து வாங்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். அதோடு, வாங்கினவர்கள் தாங்களும் விற்கலாம் என்று மறுவிற்பனை உரிமை கொடுத்ததால் ஊரெல்லாம் அதே பாடம் கிடைக்கிறது. புதுப்பித்தால்தான் இனி ஓடும். அதை எழுதின நீதான் திருத்தவும் முடியும்.

இது என் யோசனை. நான் எழுதுவது டிரேவருக்குத் தெரியாது. மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் இதோடு இருக்கிறது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அன்னா

*

லிங்கராஜபுரம், பெங்களூர்,
4 ஏப்ரல் 2004

அன்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. தண்ணீர் இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை. குழந்தைக்கு என் முத்தம்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டிடியூட்டில் என்னை வேலையை விட்டு நிறுத்தினது உனக்குத் தெரியும். அங்கே நடத்துகிற பாடங்களை வெளியே கொடுத்துவிட்டேன் என்றார்கள். டிரேவர் என் நோட்டுகளை என்னைக் கேட்காமல் எடுத்தான் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஐந்து இடங்களில் விண்ணப்பம் போட்டேன். ஐந்து இடத்திலும் பழைய இடத்துக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இப்போது அடுகோடியில் வித்யாலட்சுமி என்கிற பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தினம் இரண்டு பஸ். பதினாலு வருஷம் பிள்ளைகளை வாய் திறந்து பேச வைத்தேன். இப்போது வாய் திறக்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறேன்.

டிரேவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். 'மார்க்கெட் டிமாண்ட்' என்று நீ பட்டியல் போட மாட்டாய் அன்னா. பரவாயில்லை.

பாடங்களைத் திருத்த எனக்குச் சம்மதம். ஏன் என்று கேட்காதே. அவை நான் எழுதினவை. இன்னும் டிரங்க் கால் புக் பண்ணிக்கொண்டு கிடப்பது எனக்குத்தான் வெட்கம். என்னிடம் நோட்டும் இல்லை, சிடியும் இல்லை. இரண்டையும் அனுப்பு. சிடியோடு கொடுக்கிற உரிமைத்தாளையும் சேர்த்து அனுப்பு.

மௌரீன்

*

போத்தனூர்,
19 ஏப்ரல் 2004

என் தங்கமான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். எல்லோரும் சுகம். லினெட்டுக்குத்தான் இருமல் விடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. டிரேவர்தான் எழுதச் சொன்னார். "உங்க அக்காகிட்ட நான் கேட்டா கதவைச் சாத்துவாங்க, நீ கேளு" என்றார். அவரே திருத்திப் பார்த்தார் அக்கா. கம்ப்யூட்டரில் 'டெலிகிராம்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'ஈமெயில்' என்று ஒரே அடியில் மாற்றினார். பதினோராம் பாடத்தில் அப்பா குடையை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்குப் போய், வார்த்தைகளை எண்ணி எண்ணி ஈமெயில் கொடுக்கிறார்! சென்னையில் பெரிய வெப்சைட் வைத்திருக்கிற ஒரு கம்பெனி அதைப் பார்த்துச் சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒழுங்காகப் புதுப்பித்து அக்டோபர் பதினைந்துக்குள் கொடுத்தால் தங்கள் சைட்டில் முதல் பக்கத்தில் போடுகிறோம் என்றிருக்கிறார்கள். அதை நம்பி டிரேவர் இங்கே கடைத்தெருவில் ஒரு அறை எடுத்து போர்டும் மாட்டிவிட்டார்.

சிடி, நோட்டுகள், உரிமைத்தாள் மூன்றும் கூரியரில் வருகின்றன. நோட்டுகளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

உன் அன்னா

*

லிங்கராஜபுரம்,
20 ஜூன் 2004

அன்புள்ள அன்னாவுக்கு,

இங்கே நலம். மழை ஆரம்பித்துவிட்டது. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வர இரண்டு மணி நேரம் ஆகிறது, பேஜார். குழந்தையின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

பதில் தாமதம். வேலை நடக்கிறது. முதல் ஐந்து பாடங்கள் இதோடு இருக்கின்றன, பார். பேஜர் பாடத்தைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பெண் மேலதிகாரிக்குச் செல்போனில் மெசேஜ் அனுப்புகிறாள். மூன்றாம் பாடத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல் இருந்தது, இப்போது கால் சென்டர் வேலைக்கு. அதற்காகப் பத்து நாள் மாலையில் ஓசூர் ரோட்டில் கால் சென்டர் வண்டிகள் நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். தர்மபுரியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்டுக் குறித்தேன். பெயரைக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதற்கென்றே ஒரு பாடம் எழுதினேன். இத்தனை சந்தோஷமாக நான் எதையும் செய்து நாளாயிற்று.

ஒரு சந்தேகம். சிடியை வாங்குகிறவர் அதைத் திருத்தலாம், பெயர் மாற்றலாம், தன் பெயரில் விற்கலாம் என்று உரிமைத்தாளில் போட்டிருக்கிறது. இது உண்மைதானா? யார் வாங்கினாலும் பொருந்துமா? டிரேவரைக் கேட்டு, அவன் கைப்பட எழுதி வாங்கி அனுப்பு. பின்னால் எனக்குத் தொந்தரவு வரக்கூடாது.

அக்கா மௌரீன்

*

போத்தனூர்,
2 ஜூலை 2004

அன்பு அக்காவுக்கு,

ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். நீ எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது. இருமலுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நீ மழையில் நனையாதே.

நீ கேட்டதை டிரேவரிடம் சொன்னேன். சிரித்தார். "அக்காவுக்கு எதுக்குப் பயம்? தாள்ல இருக்கறது இருக்கறதுதான். யார் வாங்கினாலும் மாத்தலாம், விக்கலாம். அவங்களே கடையில ஒண்ணு வாங்கினா அவங்களும் விக்கலாம், போதுமா?" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இதோடு இருக்கிறது.

மீதி முப்பத்தைந்தும் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தால் நல்லது. பழையதை விற்பதை நிறுத்திவிட்டார். 'புதிய பதிப்பு விரைவில்' என்று சைட்டில் போட்டுவிட்டார். எல்லாம் உன்னை நம்பித்தான்.

அன்னா

*

லிங்கராஜபுரம்,
5 செப்டம்பர் 2004

அன்புள்ள அன்னாவுக்கு,

கையெழுத்துத் தாள் கிடைத்தது. நன்றி. உடம்புக்குத்தான் முடியவில்லை. காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். பாதிப் பாடங்கள்தான் முடிந்திருக்கின்றன. முடிந்ததும் மொத்தமாக அனுப்புகிறேன். அவசரப்படாதீர்கள். லினெட்டின் இருமல் நின்றதா?

மௌரீன்

*

போத்தனூர்,
24 செப்டம்பர் 2004

அக்கா,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி வைத்துக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? நான் வரட்டுமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது.

முடிந்தவரைக்கும் அனுப்பிவிடு அக்கா. இருபது இருந்தாலும் போதும். சென்னைக்காரர்கள் வாரம் இரண்டு முறை கேட்கிறார்கள். டிரேவர் "இன்னைக்கு வந்துதா, வந்துதா" என்று தபால்காரரிடமே போய் நிற்கிறார். கோபத்தை என்மேல் காட்டுகிறார். நேற்று தட்டை விசிறியடித்தார். குழந்தை பயந்துவிட்டாள்.

போனையாவது எடு. நான் பேசவே மாட்டேன். நீ "ஆகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்னா

*

போத்தனூர்,
20 அக்டோபர் 2004

அக்கா,

உன் பதில் வரவில்லை. பதினைந்தாம் தேதி போய்விட்டது.

நேற்று டிரேவர் கடையிலிருந்து பாதி நாளிலேயே வந்தார். கையில் ஒரு தாள், இன்டர்நெட்டிலிருந்து எடுத்தது. 'மௌரீன் டீச்சரின் கூச்சமில்லாத ஆங்கிலம், முழுதும் திருத்திய பதிப்பு, நாற்பது பாடங்கள், ஆசிரியரின் குரலில்.' சென்னைக்காரர்களின் சைட்டில், முதல் பக்கத்தில். உன் போட்டோவும் இருக்கிறது, நீலச் சேலையில்.

"உங்க அக்காதானே இது, நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீதானா அக்கா? வேறு யாராவது உன் பெயரைப் போட்டுக்கொண்டார்களா? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது.

அன்னா

*

லிங்கராஜபுரம்,
2 நவம்பர் 2004

அன்னாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த மூன்று வருஷத்தில் இப்போதுதான் உண்மையாகவே சுகமாக இருக்கிறேன்.

நான்தான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை மெஜஸ்டிக் பக்கம் ஒரு கடையில் அந்தச் சிடியை வாங்கினேன். கடைக்காரர் கிருஷ்ணப்பா நல்ல மனுஷர். "மேடம், இது ஹளேது, யாரும் வாங்கறதில்ல" என்றார். எனக்குப் பழசுதான் வேண்டும் என்றேன். பில்லும் உரிமைத்தாளும் கேட்டு வாங்கிக்கொண்டேன். திருத்தலாம், தன் பெயரில் விற்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. போதாததற்கு உன் புருஷனே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறான். எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் போகச் சொல். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆகஸ்டிலேயே நாற்பதும் முடிந்துவிட்டது. நம் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாரே தியோடர், சபையில் கீபோர்டு வாசிப்பவர், அவர்தான் என் குரலைப் பதிவு செய்து சென்னைக்கு அனுப்பினார். உங்களுக்கு அனுப்பின ஐந்து பாடமும் சும்மா ஆசை காட்டத்தான். பழையதை அவன் விற்பதை நிறுத்த வேண்டும், புதியது வரும் என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும், வாசலில் தபால்காரருக்காக நிற்க வேண்டும். நின்றான் என்று நீ எழுதினாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிரேவர் திருடன். அவனைப் பற்றி எனக்கு வேறொன்றும் சொல்ல இல்லை. இதெல்லாம் அவனுக்காக மட்டும் செய்ததென்று நினைத்துக்கொள்ளாதே.

2001 பிப்ரவரியில் இன்ஸ்டிடியூட்டில் டைரக்டர் கஸ்தூரிரங்கன் சார் ஆசிரியர்கள் பதினோரு பேரையும் ஹாலில் உட்கார வைத்தார். ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று வாசித்தார். 'மௌரீன் தன் சம்மதத்தோடுதான் பாடங்களைக் கொடுத்தாள். இன்ஸ்டிடியூட்டுக்குத் தெரியாமல் சம்பாதிக்கலாம் என்று அவளே சொன்னாள். எனக்கு நேரில் தெரியும். என் பெயரை வெளியிட வேண்டாம்.' அவர் பெயரை வாசிக்கவில்லை. ஆனால் எல்லோரும் போன பிறகு, நான் மறுத்துப் பேசினபோது, கடிதத்தை என் கையில் கொடுத்தார். உன் எழுத்து. கீழே உன் பெயர்.

அன்றைக்கு ஹாலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் வாட்ச்மேன் என் பையைத் திறந்து காட்டச் சொன்னான்.

இந்த வருஷம் நீ எனக்கு ஐந்து கடிதம் எழுதியிருக்கிறாய். முழங்காலைக் கேட்டாய், தண்ணீரைக் கேட்டாய், கஞ்சியைக் கேட்டாய். ஒன்றிலாவது இதைச் சொல்வாய் என்று ஒவ்வொரு உறையையும் பிரித்தேன். ஜூலைக் கடிதத்தில் சொல்லியிருந்தால்கூட நாற்பதையும் உங்களுக்கே அனுப்பியிருப்பேன். நீ சொல்லவில்லை.

மௌரீன்

*

போத்தனூர்,
9 ஜனவரி 2005

அக்காவுக்கு,

நானும் லினெட்டும் சுகம். கிறிஸ்துமசுக்கு எழுத நினைத்தேன், முடியவில்லை.

டிரேவர் போர்டைக் கழற்றிவிட்டார். ஓசூரில் அவர் அண்ணன் பட்டறையில் கணக்கெழுதப் போய்விட்டார். "உன் அக்காவை நம்பினதுக்கு எனக்கு வேணும்" என்றார். என்னிடம் பேசுவதில்லை.

டிரேவர் சொல்லித்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன் என்று உனக்கு எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்தேன். அது பொய். நான் எழுதினது அவருக்கு இன்றுவரை தெரியாது. இன்ஸ்டிடியூட்டிலிருந்து போலீசுக்குப் போவார்கள் என்று அவர் பயந்து கிடந்தார். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். நீ சம்மதித்துக் கொடுத்தாய் என்றால் அவர்மேல் கேஸ் வராது என்று எனக்குப் பட்டது. உனக்கு என்ன ஆகும் என்று நினைக்காமல் இல்லை. நினைத்தேன். நீ எப்படியும் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அப்பா போனபோது சமாளித்தாய். என்னைப் படிக்க வைத்தாய். கல்யாணம் செய்து வைத்து, எங்களுக்கு முன்னறையைக் கொடுத்துவிட்டு நீ சமையலறையில் படுத்தாய். இதையும் தாங்கிக்கொள்வாய் என்று நினைத்து, கடிதத்தை எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரியாதவரைக்கும் நீ என்றாவது ஒருநாள் போனை எடுப்பாய் என்று இருந்தேன்.

நேற்று கஸ்தூரிரங்கன் சாருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். முதல் கடிதத்தில் எழுதினது பொய், அக்காவுக்கு எதுவுமே தெரியாது, நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான் என்று எழுதினேன். என் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் எழுதினேன். நோட்டுகளை எடுத்தது நான்தான் அக்கா. அதுவும் உனக்குத் தெரியுமோ என்னவோ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டு, மனசில் அத்தனை வைத்துக்கொண்டு, லினெட்டின் இருமல் நின்றதா என்று உன்னால் எப்படி எழுத முடிந்தது?

அன்னா

*

லிங்கராஜபுரம்,
6 மார்ச் 2005

அன்னாவுக்கு,

இங்கே சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே.

உன் கடிதம் கிடைத்த பதினைந்தாம் நாள் கஸ்தூரிரங்கன் சார் ஆளனுப்பினார். போனேன். காப்பி வரவழைத்தார். "தப்பு நடந்துபோச்சு மௌரீன். ஜூன்லேருந்து வந்துடுங்க" என்றார். முதல் கடிதத்தை எந்த ஹாலில் வாசித்தீர்களோ அதே ஹாலில் இதையும் வாசியுங்கள், பெயரோடு வாசியுங்கள், பிறகு பேசலாம் என்றேன். யோசித்தார். போன வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார். பழைய பதினோரு பேரில் ஆறு பேர் இருக்கிறார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். உன் பெயரை வாசித்தார். வாசித்து முடித்ததும் சந்திரம்மா, நான் வெளியேறின அன்று பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், "ச்சே! கூடப் பிறந்தவளா இவ? இப்படியும் ஒரு பொம்பளையா?" என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அந்த 'ச்சே'யைக் கேட்கத்தான் நாலு வருஷம் காத்திருந்தேன் அன்னா. அடுகோடி பஸ்ஸில் நின்றுகொண்டே எத்தனை நாள் அதை மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்டதும் குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "அவளைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றேன். நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. கஸ்தூரிரங்கன் சார் தாளைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்காகத்தானே மௌரீன் சொல்றேன்" என்றாள் சந்திரம்மா. "எனக்காக அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஜூனில் அங்கே சேரப்போவதில்லை. தியோடர் தன் கடைக்கு மேலே ஒரு அறை தருகிறார். அங்கே வகுப்பு வைக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக இதில் எழுதவில்லை. எழுதினால் பொய்யாகும். நீ எப்படியும் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தாயே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அது நான் படுகிற கோபம். அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு அதில் பங்கு கொடுக்க எனக்கு மனசில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: அந்தச் செப்டம்பர் கடிதத்தில் எழுதினதெல்லாம் பொய். இருமலைக் கேட்டது மட்டும் பொய்யில்லை.

ஈஸ்டருக்கு வராதே. வீட்டில் சபை ஆட்கள் வந்து போவார்கள், என்னால் சிரித்த முகத்தோடு உன்னைக் காட்ட முடியாது. அதற்கடுத்த வாரம் வா. லினெட்டைக் கூட்டி வா. டிரேவர் வாசற்படி ஏறக்கூடாது. இரண்டு நாள் இருப்பது போல வா. நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, நீ உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் அழக்கூடாது.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன்.

மௌரீன்